கல்யாணப் பரிசுக் கண்ணாடிக்குள் இருப்பது போட்டோ அல்ல, விரிசல்! லேசர் கண்ணாடியை உடைப்பது எப்படி?

விருத்தாசலத்தில் சித்தப்பா வீட்டு ஷோகேஸில் ஒரு கண்ணாடிக் கட்டி இருக்கிறது. கல்யாணத்துக்கு வந்த பரிசு. உள்ளே மணமக்கள் முகம், வெள்ளை வெள்ளைப் புள்ளிகளாக, முப்பரிமாணத்தில். மால்களில் '3டி கிரிஸ்டல் போட்டோ' என்று விற்கிறார்களே, அதுதான். அடியில் நீல எல்.இ.டி. லைட் வேறு.

சித்தப்பா பல வருடம் அங்கேயே ஒரு செராமிக் யூனிட்டில் ஃபியூஸ் கேரியர் செய்தவர். அதை டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது போட்டோ இல்லம்மா. பூரா கிராக்கு."

நூற்றுக்கு நூறு சரி. சூளையிலிருந்து வெளியே வந்த பொருளைக் கையில் எடுத்து, விரலால் சுண்டி, சத்தத்தை வைத்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுகிற ஆள் அவர். 'டிங்' என்றால் நல்லது, 'டப்' என்றால் கழிவு. அந்தப் பரிசுக் கண்ணாடிக்குள் இருக்கும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியும் ஒரு குட்டி வெடிப்பு. லேசரின் ஒரு பல்ஸ், ஒரு விரிசல். அப்படி ஆயிரக்கணக்கில். ஆனால் கண்ணாடியின் மேற்பரப்பைத் தடவிப் பாருங்கள், கீறல்கூட இருக்காது.

இங்கேதான் கேள்வி வருகிறது. கண்ணாடி என்றாலே ஒளி ஊடுருவிப் போகும் பொருள். லேசரும் ஒளிதான். அப்படியென்றால் அது பேசாமல் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போயிருக்க வேண்டுமே? நடுவில் நின்று எப்படி வெடித்தது?

இது ஷோகேஸ் சமாச்சாரம் மட்டும் இல்லை. உங்கள் போனின் முன்பக்கக் கண்ணாடி, கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட உங்கள் பாட்டியின் கண், அமெரிக்காவில் நடக்கும் அணுக்கரு இணைவுப் பரிசோதனை எல்லாவற்றிலும் இதே கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில், கண்ணாடி ஏன் தெளிவாக இருக்கிறது?

ஒளி என்பது ஃபோட்டான் எனும் ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது. ஒரு பொருள் ஒளியை உறிஞ்ச வேண்டுமென்றால் அதிலுள்ள எலெக்ட்ரான் அந்தப் பொட்டலத்தை வாங்கி மேல் நிலைக்குத் தாவ வேண்டும். கண்ணாடியில் அந்தத் தாவல் ரொம்ப உயரம். சுத்தமான சிலிக்கா கண்ணாடியில் சுமார் 9 எலெக்ட்ரான் வோல்ட். லேசர் ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் 800 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியின் ஒரு ஃபோட்டானில் இருப்பதோ சுமார் 1.55 தான். எட்டாது. எலெக்ட்ரான் அசையாது, ஒளி அப்படியே கடந்துவிடும்.

அப்போ ஆறு ஃபோட்டான்கள் ஒரே சமயத்தில் வந்தால்? 1.55 பெருக்கல் 6, ஒன்பதைத் தாண்டிவிடும். பொங்கலுக்கு வழுக்குமரம் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். தனி ஆளாக எவனும் உச்சிக்குப் போக முடியாது. ஒருவன் தோள்மேல் ஒருவன் நின்றால் முடியும். ஆனால் ஆறு பேரும் ஒரே நேரத்தில் அங்கே இருந்தாக வேண்டும்.

சாதாரண வெளிச்சத்தில் ஆறு ஃபோட்டான்கள் ஒரே எலெக்ட்ரானிடம் ஒரே கணத்தில் வந்து சேர்வது நடக்கவே நடக்காத விஷயம். லேசரை நெருக்கி, குவித்து, நேரத்தைச் சுருக்கினால் நடக்கும். இதில் இருக்கும் கணக்கு பயங்கரமானது. ஆறு ஃபோட்டான் வேலை என்பதால், ஒளியின் செறிவை இரண்டு மடங்கு ஆக்கினால் இந்த நிகழ்வு இரண்டு மடங்கு ஆகாது, 64 மடங்கு ஆகும். அதனால்தான் லேசர் சேதம் கொஞ்சம் கொஞ்சமாக வருவதில்லை. ஒரு எல்லை வரை கண்ணாடிக்கு ஒன்றுமே ஆகாது. அதைத் தாண்டினால் டமால்.

இது முதல் எலெக்ட்ரான் கதை. அது விடுபட்டதும், லேசரின் மின்புலம் அதைப் பிடித்து ஆட்டும். வேகம் எடுத்து பக்கத்து அணுவில் மோதும். அங்கிருந்து இன்னொரு எலெக்ட்ரான் கழன்று வரும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, வாட்ஸ்அப் ஃபார்வர்ட் மாதிரி. முப்பது சுற்று முடிந்தால் நூறு கோடிக்கு மேல். அந்த இடம் அதற்குப் பிறகு கண்ணாடி இல்லை, பிளாஸ்மா. உலோகம் போல ஒளியை உறிஞ்சும், திருப்பி அடிக்கும். தெளிவான பொருளை அந்த ஒரு புள்ளியில் மட்டும் ஒளி தானே இருட்டாக்கிக்கொள்கிறது. மீதி பல்ஸின் ஆற்றல் அங்கே மாட்டிக்கொண்டு வெடிக்கிறது.

இதற்கு வேண்டிய செறிவு எவ்வளவு என்றால், மிகக் குறுகிய பல்ஸுக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 லட்சம் கோடி வாட் முதல் 10 மடங்கு மேலே வரை. நண்பகல் வெயில் சதுர சென்டிமீட்டருக்கு 0.1 வாட். அதனால் ஜன்னல் கண்ணாடியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்!

(இசை நிகழ்ச்சிகளில் சுற்றிவரும் லேசர் லைட் பட்டு போன் கேமரா போய்விட்டது என்று வீடியோக்கள் வருகின்றனவே, அது வேறு கதை. அங்கே லென்ஸ் கண்ணாடிக்கு ஒன்றும் ஆவதில்லை. அது தன் வேலையைச் சரியாகச் செய்து, லேசரைப் பின்னால் இருக்கும் சென்சார் மேல் குவித்துவிடுகிறது. சாவது சென்சார்.)

குற்றவாளி பெரும்பாலும் ஒரு தூசிதான்

மேலே சொன்னது சுத்தமான கண்ணாடிக்கான கணக்கு. நிஜத்தில் கண்ணாடி அதற்கு முன்பே உடைந்துவிடும். காரணம், எங்கோ ஒரு குறை. ஒரு உலோகத் துணுக்கு, பாலிஷ் போட்டபோது விழுந்த கண்ணுக்குத் தெரியாத கீறல், ஒரு காற்றுக் குமிழ்.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. நெய்வேலிச் சுரங்கம் பக்கத்தில் கிடைக்கும் வெள்ளைக் களிமண்ணில் ஒரு சின்னக் கல்லோ இரும்புத் துகளோ தங்கிவிட்டால், சூளையில் அந்த இடத்தில்தான் கறையும் விரிசலும் வரும். மண்ணை அரைத்து, சல்லடையில் சலித்து, காந்தம் வைத்து இழுப்பதெல்லாம் அதற்காகத்தான்.

இதே பாடத்தை கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் பெரும் செலவில் கற்றது. 1980களின் நடுவில் அங்கே 'நோவா' என்ற ராட்சத லேசர் ஓட ஆரம்பித்தது. அதன் இதயம் நியோடிமியம் கலந்த பாஸ்பேட் கண்ணாடிப் பலகைகள். உருகிய பாஸ்பேட் கண்ணாடி பீங்கான் மூசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், அதனால் பிளாட்டினம் பாத்திரத்தில் உருக்கினார்கள். அந்தப் பாத்திரத்திலிருந்து கண்ணுக்கே தெரியாத பிளாட்டினத் துணுக்குகள் கண்ணாடிக்குள் போய்விட்டன. லேசர் ஓடியதும் ஒவ்வொரு துணுக்கும் ஒளியை உறிஞ்சி, சூடாகி, சுற்றியிருந்த கண்ணாடியை வெடிக்க வைத்தது. முழுத் திறனில் ஓட்ட முடியாமல் போய், பலகைகளையே மாற்ற வேண்டியதானது. பிறகு உருக்கும்போதே ஆக்சிஜனையும் குளோரினையும் செலுத்தி, அந்தப் பிளாட்டினத்தைத் துணுக்காக நிற்க விடாமல் கண்ணாடியிலேயே கரைய வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள்.

அந்தக் கண்ணாடிப் பாடத்தின் மேல்தான் அடுத்த தலைமுறையான தேசிய இக்னிஷன் மையம் கட்டப்பட்டது. 2022 டிசம்பர் 5ஆம் தேதி, 192 லேசர் கற்றைகள், 2.05 மெகாஜூல் உள்ளே, 3.15 மெகாஜூல் வெளியே என்று உலகச் செய்தியானதே, அங்கேதான். செய்தியில் வராத பகுதி ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை சுடும்போதும் கடைசி லென்ஸ்களில் புள்ளிப் புள்ளியாகக் காயம் விழும். விட்டால் அடுத்தடுத்த ஷாட்டில் அது வேகமாக வளரும். அதனால் கழற்றி, கார்பன் டை ஆக்சைடு லேசரால் காயத்தை உருக்கி மழமழப்பாக்கி, மறுபடி மாட்டுகிறார்கள். லேசர் போட்ட புண்ணுக்கு லேசரே மருந்து.

இந்தியாவிலும் இந்த லேசர் கண்ணாடி வேலை நடக்கிறது. இந்தோரில் இருக்கும் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையமும், கொல்கத்தாவின் மத்தியக் கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து பாஸ்பேட் லேசர் கண்ணாடியை உருவாக்கியிருக்கின்றன. பெயரைக் கவனியுங்கள், கண்ணாடியும் பீங்கானும் ஒரே கூரையின் கீழ்.

இன்னொரு விநோதம். லேசர் ஒரு கண்ணாடித் தகட்டின் வழியாகப் போகும்போது, நுழையும் பக்கத்தைவிட வெளியேறும் பக்கம்தான் பெரும்பாலும் முதலில் சிதையும். முன்னால் அடி வாங்கி பின்னால் உடைகிற மாதிரி. வெளியேறும் இடத்தில் கொஞ்சம் ஒளி உள்பக்கமாகத் திரும்பும். அந்த அலையும் வருகிற அலையும் அங்கே கைகோத்துக்கொள்ளும். சாதாரணக் கண்ணாடிக்குக் கணக்குப் போட்டால், முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில் செறிவு சுமார் 44 சதவீதம் கூடுதல்.

இது போதாதென்று, கண்ணாடி தனக்குத் தானே குழியும் பறித்துக்கொள்ளும். மிகச் செறிவான ஒளி போகும் இடத்தில் அதன் ஒளிவிலகல் எண் லேசாக ஏறும். கற்றையின் நடுவில் செறிவு அதிகம், ஓரத்தில் குறைவு. ஆக, தட்டையான கண்ணாடியே ஒரு குவிலென்ஸ் போல நடந்துகொள்ளும். ஒளி இன்னும் குவியும், குவியக் குவிய இன்னும் பலமான லென்ஸ் ஆகும். சில மெகாவாட் உச்சத் திறனைத் தாண்டினால் சிலிக்காவில் இது ஆரம்பித்துவிடும். விளைவு, கண்ணாடிக்குள் ஊசி போட்டது போல நீளமான தழும்பு. லேசர் கண்டுபிடிக்கப்பட்ட 1960க்குப் பிறகு நாலைந்து வருடத்துக்குள்ளேயே இந்தத் தழும்புகளைப் பார்த்துவிட்டார்கள்.

உடைகிறது என்ற தலைவலிதான் நோபல் பரிசானது

இந்தப் பிரச்சினை லேசர் துறையையே கொஞ்ச காலம் முட்டுச்சந்தில் நிறுத்தியது. பல்ஸைக் குறுக்கினால் உச்சத் திறன் ஏறும், உச்சத் திறன் ஏறினால் லேசரைப் பெருக்கும் கண்ணாடியே உடையும். 1985இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெரார் மூரூவும், அவரிடம் பி.எச்டி. செய்துகொண்டிருந்த டோனா ஸ்ட்ரிக்லாண்டும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குட்டிப் பல்ஸை முதலில் நேரத்தில் இழுத்து நீட்டு. நீண்டதால் செறிவு குறையும், பயமில்லாமல் பெருக்கு. வெளியே வந்த பிறகு மறுபடி சுருக்கு. அவ்வளவுதான். 2018இல் இயற்பியல் நோபல் பரிசில் பாதி இந்த இருவருக்கும் போனது.

இதனால் ஃபெம்டோ விநாடி பல்ஸ்கள் தொழிற்சாலைக்குள் வந்தன. 100 ஃபெம்டோ விநாடியில் ஒளி போகும் தூரம் 30 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. இதன் லாபம் என்ன? கல்யாணப் பரிசில் வேலை செய்யும் நானோ விநாடி லேசர் கண்ணாடியைச் சூடாக்கி, விரிசல் விட வைக்கும். ஃபெம்டோ பல்ஸ் எலெக்ட்ரான்களுக்கு மட்டும் ஆற்றலைக் கொடுத்துவிட்டு, அணுக்கள் சூட்டை உணர்வதற்கு முன்பே முடிந்துவிடும். சுற்றுப்புறம் வேகாது. இன்னொன்று, இங்கே தூசிக்கும் குறைக்கும் மவுசு குறைவு. எங்கே குவிக்கிறோமோ அங்கேதான் உடையும். விபத்தாக இருந்தது கருவி ஆனது இந்த இடத்தில்தான்.

ஆயாவின் கண்ணும் ஒரு தெளிவான பொருள்தான்

எங்க ஆயாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி, பார்வை நன்றாக இருந்து, பிறகு மறுபடியும் பனி மூடியது மாதிரி ஆனது. "புரை திரும்ப வந்துடுச்சா?" என்று வீட்டில் ஒரே கலக்கம். புரை திரும்ப வராது. செயற்கை லென்ஸை வைத்திருக்கும் இயற்கையான மெல்லிய பையின் பின்சுவர் மங்கிப்போவதுதான் அது. பலருக்கும் வரக்கூடியது. டாக்டர் "யாக் லேசர் பண்ணிக்கலாம், கத்தி இல்லை" என்றார். ஆயா கேட்டது ஒரே கேள்வி: "கண்ணு வெந்துடாதாப்பா?"

நியாயமான கேள்வி. பதில் முழுக்க இந்தக் கட்டுரையில் இருப்பதுதான். யாக் லேசரின் 1064 நானோமீட்டர் ஒளி விழியின் முன்பாகங்களைப் பெரிய தொல்லையில்லாமல் கடக்கும். ஒரு பல்ஸில் இருக்கும் ஆற்றல் ஒன்றிரண்டு மில்லிஜூல். ஒரு மில்லிஜூல் என்றால் ஒரு கிராம் எடையைப் பத்து சென்டிமீட்டர் தூக்கும் அளவு. ஆனால் அது சில நானோ விநாடிக்குள், சில மைக்ரான் புள்ளியில் இறங்குகிறது. அங்கே மட்டும் பிளாஸ்மா பிறக்கும், ஒரு சின்ன அதிர்வலை கிளம்பும், மங்கிய சுவர் கிழியும். புள்ளியைத் தாண்டியதும் கற்றை விரிந்துவிடுவதால் விழித்திரையை அடையும்போது செறிவு மிகக் குறைந்துவிடும். பிளாஸ்மாவும் மீதி ஒளியில் ஒரு பகுதியை மறித்துக்கொள்ளும். 1980 வாக்கில் பாரிஸில் டேனியல் ஆரோன்-ரோசாவும் சுவிட்சர்லாந்தில் ஃபிரான்ஸ் ஃபாங்க்ஹவுசரும் தொடங்கிவைத்த சிகிச்சை இது.

சிக்கல், சுவருக்கு முன்னால் ஒட்டியே செயற்கை லென்ஸ் இருக்கிறது. அதுவும் தெளிவான பொருள். குவியம் கொஞ்சம் முன்னால் வந்தால் லென்ஸுக்குள் குழி விழும், கல்யாணப் பரிசில் விழும் அதே புள்ளி. அதனால் டாக்டர்கள் குவியத்தை வேண்டுமென்றே சுவருக்கு மயிரிழை அளவு பின்னால் வைக்கிறார்கள். அதிர்வலை முன்னால் வந்து சுவரைக் கிழிக்கட்டும், லென்ஸுக்கு எதுவும் வேண்டாம் என்று. ஒன்றிரண்டு குழி விழுந்தாலும் பார்வைக்குப் பெரும்பாலும் பாதிப்பில்லை. நிறைய விழுந்தால், அதுவும் நடுவில் விழுந்தால், கூச்சம் வரலாம். லேசர் முடிந்து கண்ணழுத்தம் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள், திடீரென்று மின்னல் தெரிந்தாலோ புள்ளிகள் மிதந்தாலோ உடனே வரச் சொல்வார்கள். அதை மட்டும் அலட்சியப்படுத்த வேண்டாம்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனி அக்கறை உண்டு. அந்தச் செயற்கை லென்ஸ்களை 1992 முதல் மதுரை ஆரோலேப் செய்துவருகிறது. ஆயாவுக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. "டப் டப்னு சத்தம் மட்டும் கேட்டுச்சு" என்றார்.

பிள்ளைப்பாக்கத்துக்கும் விருத்தாசலத்துக்கும் என்ன சம்பந்தம்?

2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் ஒரு ஒப்பந்தம் கையெழுத்தானது. கொரில்லா கிளாஸ் செய்யும் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனமும் இந்தியாவின் ஆப்டிமஸும் சேர்ந்த கூட்டு நிறுவனம், ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்தில் 1,003 கோடி ரூபாயில் போன் கண்ணாடி தொழிற்சாலை அமைப்பதாகச் சொன்னது. 840 பேருக்கு வேலை என்றும் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பில் கவனிக்க வேண்டியது, கண்ணாடியை உருக்குவது பற்றியல்ல, அதை வெட்டி, முடித்து, போனுக்குப் பொருத்தமாக ஆக்குவது பற்றி.

அந்த 'வெட்டி' என்ற ஒரு சொல்லுக்குள்தான் விஷயம் இருக்கிறது. போன் கண்ணாடியை உருகிய பொட்டாசியம் உப்பில் ஊற வைக்கிறார்கள். சின்ன சோடியம் அயனி வெளியேறி, அதன் இடத்தில் பெரிய பொட்டாசியம் புகுந்துகொள்ளும். மேல்தோல் நெருக்கப்பட்டு இறுகும், உள்ளே எதிர்த்து இழுக்கும். இறுகிய மேல்தோலில் விரிசல் லேசில் திறக்காது.

இதையும் சித்தப்பாவிடம் சொன்னேன். "கிளேஸ் மாதிரிதானே?" என்றார். அதேதான். மண்ணைவிடக் கிளேஸ் குறைவாகச் சுருங்கும்படி கலவை போட்டால், ஆறும்போது கிளேஸ் இறுகிப் பிடித்துக்கொள்ளும், பொருள் பலமாகும். மாறிப்போனால் கோப்பை முழுக்க மயிரிழை விரிசல் வலை விழும். போன் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் யோசனையை அவர்கள் சூளைப் பக்கத்தில் நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறார்கள்.

இப்படி இறுக்கம் ஏற்றிய கண்ணாடியில் வைர முனைச் சக்கரத்தை ஓட்டினால் இஷ்டத்துக்குச் சிதறக்கூடும். அங்கேதான் குறுகிய பல்ஸ் லேசர் வருகிறது. குவியத்தை ஒரு புள்ளியாக இல்லாமல் ஊசி போல நீட்டி, ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத கண்ணாடியில் மேலிருந்து கீழ்வரை ஒரே அடியில் மெல்லிய துளைத்தடம் போடலாம். அடுத்தடுத்துச் சில மைக்ரான் இடைவெளியில் துளைகள். மாத்திரை அட்டையில் புள்ளி புள்ளியாகக் கிழிக்கும் கோடு இருக்குமே, அதுபோல. பிறகு தானாகவோ லேசாகச் சூடு காட்டினாலோ பிரிந்துவிடும். வளைவு, கேமரா ஓட்டை எல்லாம் சாத்தியம். கார்னிங்குக்கு இந்த லேசர் இயந்திரங்களுக்கென்றே ஜெர்மனியில் தனிப் பிரிவு இருந்தது.

இனி என் கருத்து. விருத்தாசலத்தில் அரசு செராமிக் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அதில் டிப்ளமோ முடிப்பவர்களுக்கு ஊரில் கண்முன் தெரிவது அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர் யூனிட்டுகள். பிளாஸ்டிக் ஃபியூஸ் கேரியரும் எம்.சி.பி.யும் வந்த பிறகு அந்தச் சந்தை எப்படி இருக்கிறது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ரயிலேறினால் சில மணி நேரத்தில் வரும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில், விரிசல் எங்கே ஆரம்பிக்கும், எப்படி நிற்கும், எதனால் ஓடும் என்று தெரிந்த ஆட்களுக்கு வேலை உருவாகிறது. எந்திரத்தை இயக்கக் கற்றுக்கொடுத்துவிடலாம். உடைந்த துண்டைக் கையில் எடுத்து, உடைப்பின் முகத்தைப் பார்த்து, "இது லேசர் அளவு தப்பினதால வந்தது, இது பாலிஷ் கீறல்ல இருந்து வந்தது" என்று பிரித்துச் சொல்லும் கண் ஒரு வாரப் பயிற்சியில் வராது.

அந்தக் கண் செராமிக் படித்த பிள்ளைகளிடம் பாதி ஏற்கெனவே இருக்கிறது. மீதிப் பாதிக்கு, அந்தக் கல்லூரியில் ஒரு குறுகிய பல்ஸ் லேசரும் ஒரு நல்ல மைக்ராஸ்கோப்பும் வேண்டும். 1,003 கோடி முதலீட்டுக்குச் சலுகை தரும் அரசுக்கு அது பெரிய தொகை இல்லை. தொழிற்சாலைக்கு இடம் ஒதுக்கும்போதே இதையும் ஒரு நிபந்தனையாகக் கேட்டிருக்கலாம், இன்னும் கேட்கலாம்.

பீங்கான் லேசருக்கே பொருளாகவும் ஆகியிருக்கிறது. பீங்கான் கோப்பை வழியாக ஏன் பார்க்க முடிவதில்லை? உள்ளே இருக்கும் நுண்துளைகளும் துகள் எல்லைகளும் ஒளியைச் சிதறடிப்பதால். துளையே இல்லாமல் சுட்டெடுத்தால்? 1995இல் ஜப்பானின் அகியோ இகேசுவே குழு அதைச் செய்துகாட்டியது. தூளை அழுத்தி, வெற்றிடச் சூளையில் சுட்டு, கண்ணாடி போலத் தெளிவான யாக் பீங்கானை எடுத்து, அதிலிருந்து நன்றாக வேலை செய்யும் லேசரையே ஓட்டினார்கள். ஆயாவின் கண்ணுக்குப் பயன்பட்டதும் யாக்தான், அங்கே படிகம், இங்கே சூளையில் சுட்டது.

இதைக் கேட்டதும் சித்தப்பா கேட்டது: "எத்தனை டிகிரில சுட்டாங்களாம்?" சுமார் 1,750 என்றேன். "நம்ம சூளை தாங்காது" என்று சொல்லிவிட்டு, பரிசுக் கண்ணாடியைத் திரும்ப ஷோகேஸில் வைத்தார். வைப்பதற்கு முன்னால் பழக்கதோஷத்தில் ஒருமுறை சுண்டிப் பார்த்துக்கொண்டார்.